மஞ்சள் ஸ்ரிக்கருக்குக் கீழே நாலு இலக்கம்

2025 ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.52 மணிக்கு, கைதடிக்குக் கிழக்கே மூடிக் கிடக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையின் வளவுக்குள், லொறிகளுக்காகப் போடப்பட்ட தார்ப்பாதையின் மூன்றாவது வளைவில், ஹன்னா கனகரட்ணம் ஓட்டிவந்த 160 சீசீ மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. அவருடைய இடது காறையெலும்பு முறிந்தது.

ஹன்னாவுக்கு முப்பத்துநாலு வயது. கொக்குவிலில் தாயுடன் இருக்கிறார். ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறார். தீபகற்ப மோட்டார் சைக்கிள் கழகத்தின் பன்னிரண்டு உறுப்பினரில் அவர் ஒருவர்தான் பெண். கழகம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வளவை வாடகைக்கு எடுக்கும். உறுப்பினரில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்பதால் காலை ஆராதனை முடிந்த பிறகுதான் ஓட்டம் தொடங்கும். அது பந்தயம் அல்ல. ஒவ்வொருவராக இறங்கி ஆறு சுற்று ஓடுவார்கள். கரையில் ஒருவர் நேரம் குறிப்பார். பரிசு கிடையாது. திங்கட்கிழமை காலை அதே மோட்டார் சைக்கிளில் கந்தோருக்கும் சந்தைக்கும் போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமைதான் ரயர் தெரிவைச் சிக்கலாக்கியது. ஓட்டப்பாதைக்கென்றே செய்த மென்மையான ரயர் வளைவில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாண வெயிலில், அந்தக் கரடுமுரடான தாரில், இரண்டு ஓட்ட நாளிலேயே தேய்ந்துவிடும். சாதாரண ரயர் இருபதாயிரம் கிலோமீற்றர் உழைக்கும். வளைவில் சரித்தால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் எதை வாங்குவது என்று கழகத்தில் இரண்டு வருடமாக வாய்ச்சண்டை நடந்தது.

அதை முடித்துவைத்தவர் ஹன்னா. மார்ச் முதல் மே வரை மூன்று வகை ரயர்களை வாங்கித் தன் மோட்டார் சைக்கிளில் மாறி மாறிப் பூட்டி ஓடினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் காற்றின் அழுத்தம், தாரின் வெப்பம், ரயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றை அளந்தார். ஆழத்தை அளக்கப் பாடசாலை ஆய்வுகூடத்தின் வேணியர் இடுக்கிமானியை இரவல் வாங்கியிருந்தார். கடைசியில் தாய்லாந்தில் செய்த ஒரு ரயரைத் தெரிவு செய்தார். அதன் நடுப்பகுதி இறுக்கமானது. இரண்டு கரைகளும் மென்மையானவை. நேர் வீதியில் நடுப்பகுதி உழைக்கும், வளைவில் கரை பிடிக்கும். விலையும் தாங்கக்கூடியது. இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். அதன் ஏழாவது குறிப்பு இது: வாங்கும்போது ரயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் அது செய்யப்பட்டது வருடத்தின் எத்தனையாவது கிழமை என்பது, மற்ற இரண்டும் வருடம். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதை வாங்க வேண்டாம். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் இறுகும்.

கழகத்தின் தலைவர் அருள்நேசன். கொக்குவிலில் ரயர் கடை வைத்திருக்கிறார். ஹன்னாவின் சபையில் மூப்பர். ஹன்னாவின் தகப்பன் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் முதலாவதாக நின்றவர். ஹன்னாவின் குறிப்பை வாசித்துவிட்டு, அந்த ரயரைக் கழகத்துக்கே மொத்தமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். வெளியில் எழுபதாயிரம் போகும் சோடியை ஐம்பத்தையாயிரத்துக்குத் தருவார். எங்கடை பிள்ளையளிட்டை லாபம் பாக்கிறதோ என்று கேட்டார். ஜூலை முதல் கிழமை பன்னிரண்டு சோடியும் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு ரயரின் பக்கச்சுவரிலும் வட்டமான ஒரு மஞ்சள் ஸ்ரிக்கர் இருந்தது. அதில் கடையின் பெயரும், கழகத்தின் ஆதரவாளர் என்ற வரியும். ஸ்ரிக்கர்களை அருள்நேசன் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. வெளிநாட்டுப் பந்தயக்காரரின் மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று படம் எடுத்தார்கள்.

ஒருவரும் பில் கேட்கவில்லை. அந்தச் சபையில் சொந்த ஆளிடம் பில் கேட்பது, அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு கோப்பை கழுவினதுதானா என்று திருப்பிப் பார்ப்பது மாதிரி. பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீற்றரின் பத்திலொன்று வரை அளந்த ஹன்னாவும் கேட்கவில்லை. தான் எழுதிய ஏழாவது குறிப்பின்படி இலக்கத்தையும் பார்க்கவில்லை. விற்கிறவர் அருள்நேசன் அங்கிள் என்பதால் அது அவருக்கு நினைவில் வரவே இல்லை.

விழுந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம், அருள்நேசன் இரண்டு கிலோ முந்திரிகைப்பழத்துடன் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட தோளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தலை குனிந்து ஜெபித்தார். ஹன்னாவின் தாய் பொன்மலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். பாதிக் கோப்பை குடித்த பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, புது ரயரிலை மேலாலை வழுவழுப்பா ஒரு பூச்சுக் கிடக்கும். அது கழண்டு போக முதல் நீர் முறுக்கிப்போட்டீர். யோசிக்காதையும். கழகத்தின்ரை விபத்து அறிக்கையிலை ஓட்டுநர் தவறு எண்டு மட்டும்தான் போடுவம். பொம்பிளைப் பிள்ளை எண்டு ஒண்டும் எழுதமாட்டம்."

தான் விழுந்தது நாலாவது சுற்றில் என்றும், முதல் இரண்டு சுற்றையும் மெதுவாக ஓடியது நேரக்குறிப்பிலேயே இருக்கிறது என்றும், அதற்கு முன் அந்த ரயரில் அறுநூறு கிலோமீற்றர் வேலைக்குப் போய் வந்திருப்பதாகவும் ஹன்னா சொன்னார். அருள்நேசன் அதைக் கேட்டுக்கொண்டு பொன்மலரைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைக்கு இன்னும் நோவு போகவில்லை என்றார். சனிக்கிழமை கழகக் கூட்டத்தில் அறிக்கை நிறைவேறும், வரமுடியாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

கழகத்தின் விதிப்படி, ஓட்டுநர் தவறு என்று பதியப்பட்டவர் ஒரு வருடம் பாதையில் இறங்க முடியாது. ஹன்னாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. எலும்பு பொருந்தவே மாதங்கள் எடுக்கும். ஆனால் அந்த இரண்டு சொல்லும் பதிவில் ஏறினால், ரயரில் பிழை இல்லை என்று ஆகிவிடும். அதே ரயரில் மற்றப் பதினொரு பேரும் ஒவ்வொரு நாளும் வீதியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ரயரைத் தெரிவு செய்து கொடுத்தவர் ஹன்னா.

புதன்கிழமை பிரகலாதன் வந்தான். வல்வெட்டித்துறைக்காரன், கல்வியங்காட்டில் கராஜ் வைத்திருப்பவன், அவனும் கழக உறுப்பினன். விழுந்த மோட்டார் சைக்கிளை லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். இறக்கும்போதே பின் ரயரைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தான். பிறகு இன்னொரு இடத்தில் அழுத்தினான்.

"ரீச்சர், உது ரயர் இல்லை. மேசைக்கால்."

ஹன்னா பின் அறையில் கிடந்த பழைய ரயரை எடுத்துவரச் சொன்னார். மே மாதம் சோதனைக்கு வாங்கிப் பாதி தேய்ந்த அதே வகை. அதன் கரையில் நகம் அழுத்தினால் பிறை மாதிரி அடையாளம் விழுந்து, கொஞ்ச நேரம் நின்று மறைந்தது. புது ரயரில் நகம்தான் நொந்தது.

பிரகலாதன் மஞ்சள் ஸ்ரிக்கரின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினான். தன் வீட்டில் வள்ளத்துக்குக் கயிறு வாங்கினாலும் எந்த வருடத்துக் கயிறு என்று கேட்காமல் அப்பா காசு கொடுக்கமாட்டார் என்றான். கடலில் கயிறு அறுந்தால் கடைக்காரனைப் போய்ப் பிடிக்க முடியாதே. ஸ்ரிக்கர் நல்ல பசை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகுதான் முழுதாகக் கழன்றது.

கீழே 2218 என்று இருந்தது. 2018ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது கிழமை.

முன் ரயரிலும் அதே இலக்கம். ஸ்ரிக்கர் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டப்பட்டிருந்தாலும் இலக்கம் தெரிந்திருக்கும். இரண்டு ரயரிலும் அது தள்ளிப் போகவில்லை.

ஹன்னா கழன்ற ஸ்ரிக்கரைக் கையில் எடுத்தார். அவருக்குத் தெரிந்தவரை அருள்நேசனின் கடையில் அதற்கு முன் எந்த ரயரிலும் ஸ்ரிக்கர் ஒட்டியதில்லை. ஏழாவது குறிப்பை வாசித்த பிறகுதான் அந்த மனிதர் அச்சகத்துக்குப் போயிருக்கிறார். எதைப் பார்க்கவேண்டும் என்று ஹன்னா எழுதிக் கொடுத்தார். எதை மறைக்கவேண்டும் என்று அவர் அதிலிருந்து படித்துக்கொண்டார்.

"நீ ஏன் முதலே பாக்கேல்லை?" என்று வாசலில் நின்ற பொன்மலர் கேட்டார்.

"பாக்க நீங்கள் விட்டிருப்பியளோ அம்மா?"

பொன்மலர் முந்திரிகைப்பழம் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை காலை, தோளில் தூக்குத் துணியுடன் ஹன்னா நுகர்வோர் முறைப்பாட்டுக்கான அரச அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகக் கதைத்தார், எல்லாவற்றையும் கேட்டார். பில்லைக் கேட்டார். இல்லை என்று சொன்னதும் பேனையை மூடினார். பில் இல்லாமல் முறைப்பாடு எழுத முடியாது என்பது அவருடைய பிழை அல்ல.

அன்று பகல் முழுக்க ஹன்னா உறுப்பினர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்ரிக்கரைக் கழற்றி இலக்கத்தைப் பாருங்கள் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தபால்கந்தோரில் வேலை செய்யும் ஒருவர் உடனே கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொலைபேசி எடுத்தார். 2218. மனைவியை ஏற்றிக்கொண்டு நேற்றுத்தான் கிளிநொச்சி போய் வந்தாராம். மற்றவர்கள் வேறு மாதிரி. ஒருவர் பிறகு பார்க்கிறேன் என்றார். ஒருவர் ஸ்ரிக்கர் கிழிந்தால் அருள்நேசன் அண்ணை கோபிப்பார் என்றார். ஒருவர், தலைவரைப் பற்றி இப்படிக் கதைப்பது ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு அழகா என்று கேட்டார். செயலாளர் சீவரத்தினம் வங்கியில் உத்தியோகத்தர், கணக்கில் கெட்டிக்காரர். அவர் சொன்னது எல்லாவற்றையும் விட நேர்மையானது.

"பாத்துப் பழசெண்டு தெரிஞ்சா நான் வேறை வாங்கவேணும் ரீச்சர். இப்ப என்னாலை ஏலாது. பாக்காமல் விட்டால் புதுசுதானே."

ஹன்னா தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த வசனத்தை அப்படியே ஒரு கடதாசியில் எழுதினார். பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு அவதானம், அளவீடு, முடிவு என்று படிப்பித்தவர் அவர்.

பின்னேரம் ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனார். அடைக்கலநாதன் அங்கே கடற்கரை ஒழுங்கையில் இருக்கிறார். கழகத்தில் மிக வேகமாக ஓடுபவர் அவர்தான். விடிய மீனை ஏலத்தில் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கட்டி, சுன்னாகம் வரை விற்றுவருவார். பிறகு நாலு வயது மகளை முன்னால் பெற்றோல் தாங்கியில் இருத்தி முன்பள்ளிக்குக் கொண்டுபோவார். ஹன்னா சொல்லி முடிக்க முதலே மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டுவந்து ஸ்ரிக்கரைச் சுரண்டினார். 2218. கள்ளுத் தவறணையில் கூடக் கேட்காத சில சொற்களை மெதுவாகச் சொன்னார். மகள் பக்கத்தில் நின்றதால் மெதுவாக.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் காட்டுவீர்களா என்று ஹன்னா கேட்டார்.

"ஓம் ரீச்சர். வாறன். கட்டாயம் வாறன்."

கூட்டம் ஓகஸ்ட் 23 மாலை நாலு மணிக்கு, கொக்குவிலில் ஒரு ரியூட்டரியின் வகுப்புக் கொட்டிலில் நடந்தது. மோட்டார் சைக்கிள்கள் வெளியே வேப்பமரத்தின் கீழ் வரிசையாக நின்றன. ஹன்னா முன் வாங்கில் உட்கார்ந்தார். பிரகலாதன் கழற்றிய பின் ரயரைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவைத்தான். சீவரத்தினம் அறிக்கையை வாசித்தார். திகதி, நேரம், வளைவு, காயம். காரணம்: ஓட்டுநர் தவறு.

அதை நிறைவேற்ற முதல் ரயரின் வயதைப் பதிய வேண்டும் என்று ஹன்னா கேட்டார். 2218ஐக் காட்டினார். பழைய ரயரையும் புது ரயரையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் எழும்பி வந்து அழுத்தினார்கள். மற்றவர்கள் அருள்நேசனைப் பார்த்தார்கள்.

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கதை சொல்லத் தொடங்கினார். சண்டைக் காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பன்னிரண்டு வருடப் பழைய ரயரில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடியவர் தான் என்றார். ரயர் தேய்ந்து கம்பி தெரியும்வரை ஓடினோம், விழுந்தோமா என்று கேட்டார். வயது கூடியவர்கள் தலையாட்டினார்கள்.

"குடோனிலை பொலித்தீன் சுத்தி வைச்ச சரக்கு. வெயில் படேல்லை, மழை படேல்லை, ஒரு அடி ஓடேல்லை. ஓடாத ரயர் எப்பிடிப் பழசாகும்? எங்கடை வீடுகளிலை அலுமாரிக்குள்ளை பாவிக்காமல் எத்தினை சாமான் கிடக்கு. அதெல்லாம் பழசோ?"

கொட்டிலில் சிரிப்பு எழுந்தது. அது கேலி அல்ல. அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. நல்ல சாமானைச் சுற்றிக் கட்டி வருடக்கணக்காக வைப்பதும், வைத்ததைப் புதிது என்று எடுப்பதும் அவர்களுடைய எல்லா வீட்டிலும் நடப்பது. சாரியும் பீங்கானும் அப்படி இருக்கலாம், ரப்பர் இருக்காது என்று ஹன்னா சொன்னார். அதற்குள் இருக்கும் எண்ணெய்த்தன்மை தானாகவே போய்விடும், பொலித்தீன் அதை நிறுத்தாது. அவருடைய குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிட்டது. அது அவருக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்டுதான் வேணும்," என்றார். "வெளியிலை உங்கடை மோட்டச்சைக்கிள் நிக்குது. ஸ்ரிக்கரைக் கழட்டிப் பாத்திட்டு வந்து கை உயத்துங்கோ. முதல் அடைக்கலம் அண்ணை காட்டுவார்."

எல்லாரும் வெளியே போனார்கள். அடைக்கலநாதனின் மோட்டார் சைக்கிள் வரிசையின் கடைசியில் நின்றது. வியாழக்கிழமை அவர் கத்தியால் சுரண்டிய இடத்தில் இப்போது மஞ்சள் ஸ்ரிக்கர் முழுதாக ஒட்டியிருந்தது. ஹன்னா அதைக் கண்டதும் நின்றுவிட்டார். அடைக்கலநாதன் அவரைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து ஸ்ரிக்கரைப் பிடித்து இழுத்தார். அது சுலபமாகக் கழன்றது.

1425.

இந்த வருடம் சித்திரையில் செய்த ரயர். அதன் மேல், அச்சிலிருந்து வந்தபடியே சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு நாள் ஓடினாலே உதிர்ந்துவிடும் முடிகள்.

"அண்ணை, உது எப்ப பூட்டினது?" என்று ஹன்னா கேட்டார்.

"எல்லாரோடையும்தான். ஜூலையிலை."

அருள்நேசன் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. துக்கவீட்டில் கதைப்பவர் மாதிரிக் கதைத்தார்.

"பிள்ளை, நீர் கொண்டுவந்து காட்டுற ரயர் என்ரை கடையிலை வாங்கினதெண்டு என்னத்தை வைச்சுச் சொல்லுறீர்? பில் கிடக்கோ?"

பத்து நிமிடத்துக்கு முன் குடோனில் சுற்றி வைத்தது புதிது என்றவர் அவர்தான். இப்போது அது தன் ரயரே இல்லை என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று ஹன்னா சொன்னார். இரண்டு தரம் சொன்னார். தபால்கந்தோர்க்காரர் தன்னுடையதும் 2218 என்றார். அவருடைய குரல் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளே போவம், பொழுதுபடுகிறது என்று யாரோ சொன்னார்கள். மற்ற ஸ்ரிக்கர்களில் ஒருவரும் கை வைக்கவில்லை. சீவரத்தினம் தன் மோட்டார் சைக்கிளைத் தாண்டிப் போகும்போது அதன் பக்கம் திரும்பவே இல்லை.

வாக்கெடுப்பில் ஹன்னாவுக்குக் கை உயர்த்த உரிமை இல்லை, அவர் சம்பந்தப்பட்டவர். அறிக்கைக்கு ஆதரவாக எட்டுக் கை. எதிராகப் பிரகலாதனும் தபால்கந்தோர்க்காரரும். அடைக்கலநாதன் எதற்கும் கை உயர்த்தவில்லை. ரயரைத் தெரிவு செய்து பரிந்துரைத்தவரும் ஹன்னாவே என்று ஒரு வரியைச் சேர்க்கும்படி ஒருவர் கேட்டார். அதுவும் சேர்க்கப்பட்டது. பிறகு அருள்நேசன் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார். ஆதரவாளரின் ஸ்ரிக்கரைக் கழற்றிய மோட்டார் சைக்கிள் பாதைக்குள் அனுமதிக்கப்படாது. சீவரத்தினம் அதைப் பதினாலாம் விதி என்று எழுதிக்கொண்டார். சமோசாவும் தேத்தண்ணியும் வந்தன.

படலையடியில் அடைக்கலநாதன் காத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் வந்து போனது எப்பிடியோ தெரிஞ்சு, நேற்றுப் பின்னேரம் தலைவர் கடைக்குக் கூப்பிட்டவர் ரீச்சர். பழசைக் கழட்டிப் போட்டுப் புதுசு ரண்டும் பூட்டிவிட்டவர். காசு வேண்டேல்லை. ஸ்ரிக்கரையும் தானே ஒட்டினவர். நான் என்ன செய்ய? பிள்ளை முன்னுக்கு இருந்தெல்லோ வாறவள்."

"உங்கடை பிள்ளைக்குப் புதுசு கிடைச்சிட்டுது," என்றார் ஹன்னா. "மற்றவையின்ரை வீடுகளிலை பிள்ளையள் இல்லையோ அண்ணை?"

அடைக்கலநாதன் தலைக்கவசத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஹன்னாவுக்கு அவரில் வந்த கோபம் ஒழுங்கை முடிய முதலே வடிந்துவிட்டது. அந்த ரயர் ஒன்றுதான் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. நல்ல சோடி கடையில் இருந்திருக்கிறது என்பதுதான் ஆறவில்லை. எது நல்லது, எது பழுது என்று அந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கேள்வி கேட்கக்கூடியவரின் வாயை அடைக்க ஒரு சோடி இருந்தது. கேட்காதவர்களுக்கு 2218.

அடுத்த கிழமை ஹன்னா இலக்கத்தின் படத்தையும், ரப்பர் ஏன் இறுகுகிறது என்ற ஒரு பக்க விளக்கத்தையும் அறிக்கைக்குக் கை உயர்த்திய எட்டுப் பேருக்கும் பதிவுத்தபாலில் அனுப்பினார். ஏழு கடிதங்கள் கையெழுத்துடன் போய்ச் சேர்ந்தன. ஒன்று திரும்பி வந்தது. அனுப்பியவரின் பெயரைப் பார்த்துவிட்டுச் சீவரத்தினம் வாங்க மறுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொன்மலர் இருபது வருடமாக உட்காரும் இரண்டாம் வாங்கை விட்டு, மூப்பர் காணிக்கைத் தட்டு கொண்டுவராத பக்கமாகப் போய் உட்கார்ந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிரகலாதனும் தபால்கந்தோர்க்காரரும் ரயர்களைக் கழற்றி வேறு பூட்டினார்கள். கடையில் பில் வாங்கினார்கள்.

ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, கழகத்தின் அடுத்த ஓட்ட நாள் நடந்தது. வாசலில் ஸ்ரிக்கர் பார்க்கப்பட்டது. இரண்டு பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். அடைக்கலநாதன் வரவில்லை. எட்டுப் பேர் ஓடினர். முற்பகல் 11.20 மணிக்கு, மூன்றாவது வளைவில், செயலாளர் சீவரத்தினத்தின் பின் சில்லு சறுக்கியது. அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எழுத முடியாததால் அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் அறிக்கையை எழுதினார். காரணம் என்ற இடத்தில் ஓட்டுநர் தவறு என்று பதியப்பட்டது.